நஷ்டத்தின் கடைசித் தேதி

மதியம் மூன்று மணிக்கு ஓட்டுநர் பள்ளிக்காரர் தன் வரிக் கணக்கை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார். செய்தி வாசிப்பவர்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு மூச்சு. எரிபொருள் செலவு வந்த இடத்தில் மட்டும் குரல் இறங்கியது.

மேசைக்கு அந்தப் பக்கம் அண்ணி பேனாவை மூடினாள்.

"அந்த வரிய இன்னொரு தரம் படிங்க."

அவர் படித்தார். பிறகு தானாகவே, வீட்டுக் காருக்குப் போட்டதும் அதில் கலந்திருக்கலாம் என்றார். அண்ணி பேனாவைத் திறந்தாள். எவ்வளவு கலந்திருக்கும் என்று அவரே யோசித்துச் சொன்னார். அவள் திருத்தினாள். அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

அவள் அலுவலகத்தில் அதுதான் வழக்கம். கணக்கு யாருடையதோ, அவர் அதை முழுக்க வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் தாக்கல். நேரில் வர முடியாதவர்கள் தொலைபேசியில் படிக்கலாம். கண்ணால் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டேன் என்பதெல்லாம் செல்லாது. முதுகுக்குப் பின்னால் அவளை எல்லாரும் டீச்சர் என்பார்கள். ஒரு பல் மருத்துவர் வருடாவருடம், அடுத்த முறை ஸ்லேட்டு கொண்டுவரவா என்று கேட்பார். கேட்டுவிட்டுப் படிப்பார்.

அவள் முதலில் வேலை பார்த்த இடத்தில் ஒருவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டாராம். வீட்டு வாடகை வருமானம் கணக்கில் விட்டுப்போயிருந்தது. வரித்துறை கூப்பிட்டு விசாரித்தபோது அவர் ஆடிட்டரைக் கைகாட்டினார். ஆடிட்டர் அவரைக் கைகாட்டினார். நடுவில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தவள் அண்ணி. தனியாக அலுவலகம் போட்ட அன்றே இந்த வழக்கத்தை ஆரம்பித்துவிட்டாள். இதனால் சிலர் வேறு ஆடிட்டரிடம் போனார்கள். அவள் அவர்களைத் திரும்பக் கூப்பிடவில்லை.

தனி ஆட்களுக்கு ஒரு கடைசித் தேதி, தொழில்களுக்கு ஒரு கடைசித் தேதி. தனி ஆட்களின் தேதி எப்போதோ போய்விட்டது. அன்று இந்த அறையில் நிற்க இடமிருக்காது. சம்பளக்காரர்கள், வாடகை வாங்குகிறவர்கள், ஓய்வூதியக்காரர்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் படிப்பார்கள். தொழில்களின் தேதி இன்று. கூட்டம் குறைவு, முகங்கள் இறுக்கம். வழக்கமாக நள்ளிரவு வரை இருக்கும் வரித்துறையின் இணையதளம், பராமரிப்புக்காக இன்று மாலை ஆறுக்கே மூடும் என்று அறிவித்திருந்தார்கள்.

எங்கள் சலவைக்கூடத்தின் கணக்கு நீல அட்டைக்குள் மேசை ஓரத்தில் இருந்தது. தயாராகிப் பல நாள் ஆகிவிட்டது. படிக்க வேண்டியவன் என் அண்ணன். அவன் வரவில்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை.

அவனும் அண்ணியும் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. வீடு அவன் பக்கம் போயிற்று. புத்தகங்களும் நாற்காலிகளும் அவள் பக்கம் போயின. சலவைக்கூடத்தின் கணக்கை மட்டும் யாரும் பிரிக்கவில்லை. வேறொருவரிடம் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. கைகழுவ அவளுக்கும் வரவில்லை. இதை இருவரும் வாயால் சொன்னதில்லை. சிறிய பங்குக்காரியான நான் இடையில் காகிதம் சுமந்தேன். அவன் அவளை 'உன் ஆடிட்டர்' என்பான். அவள் அவனை 'உன் பார்ட்னர்' என்பாள். எல்லாரிடமும் வாங்கும் கட்டணத்தைத்தான் எங்களிடமும் வாங்கினாள். ரசீதும் கொடுத்தாள்.

லாபம் வந்த வருடங்களில் அவன் தொலைபேசியில் படிப்பான். மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, கூடமே கேட்கும்படி கத்திப் படிப்பான். படிக்கும்போது எங்காவது நின்று சண்டை பிடிப்பான். சோப்புத்தூள் செலவைக் குறைத்துவிட்டாய் என்று ஒரு வருடம். வண்டிக்கு டயர் மாற்றியதைக் காணோம் என்று ஒரு வருடம். அண்ணி ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வாள். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் நான் நடுவில் இல்லாமல் அவர்கள் பேசினார்கள்.

இந்த வருடம் நஷ்டம்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் படுக்கை விரிப்புகளும் திரைகளும் எங்களுக்கு வருவதாக இருந்தது. அண்ணன் அதை நம்பிக் கடன் வாங்கி இரண்டு பெரிய மெஷின்கள் வாங்கினான். ஒப்பந்தம் கையில் வந்த பிறகு வாங்கச் சொல் என்று அண்ணி என்னிடம் சொல்லி அனுப்பினாள். நான் போய்ச் சொன்னேன். முதல்ல உன் ஆடிட்டர் ஒரு நாள் வந்து துணி துவைக்கட்டும், அப்புறம் புத்தி சொல்லட்டும் என்றான். ஆஸ்பத்திரி அந்த வருடம் வேலையை வேறொருவருக்குக் கொடுத்தது. மெஷின்கள் நின்றன. வட்டி நிற்கவில்லை.

இப்போது அதே ஆஸ்பத்திரி எங்களைக் கூப்பிட்டிருக்கிறது. வேலை வந்தால் அடுத்த வருடம் லாபம் வரும். இந்த வருட நஷ்டத்தை அந்த லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். வரி போனது போக, மெஷின் கடனைக் கட்ட முடியும். கழிக்க முடியாவிட்டால் ஒரு மெஷினை விற்றாக வேண்டும். ஒற்றை மெஷினை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வேலையைத் தொட முடியாது. எப்படிக் கூட்டினாலும் இந்த இடத்தில்தான் வந்து நின்றது.

நஷ்டத்தைக் கழிக்க ஒரே ஒரு நிபந்தனை. இன்று ஆறு மணிக்குள் கணக்கு தாக்கலாகி இருக்க வேண்டும்.

அண்ணனுக்கு இது ஏறவே இல்லை. லாபம் இருந்தால்தானே வரி, வரி இருந்தால்தானே கணக்கு என்றான். நஷ்டத்தை எழுதி யாருக்குக் காட்டுவது என்றான். தேதி போனால் என்ன, அபராதம் கட்டிவிடலாம் என்றான். அப்படிச் சொல்ல அவனிடம் காரணம் இருந்தது. தன் சொந்தக் கணக்கை இந்த வருடம் அவன் அண்ணியிடம் தரவில்லை. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் தேதி கடந்து போட்டான். அபராதம் கட்டினான், முடிந்தது. தொழிலுக்கும் அதுதான் சட்டம் என்று எடுத்துக்கொண்டான்.

ஓட்டுநர் பள்ளிக்காரர் படித்து முடித்து எழுந்தார். வாசலில் நின்று, எனக்கு எத்தனை மார்க் என்று கேட்டார். அண்ணிக்கு உதவியாக இருக்கும் பேங்க் அக்கா, வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவள், பாஸ் மார்க்குதான் என்றாள்.

அண்ணி என் பக்கம் திரும்பினாள். அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டாள். அபராதம் கட்டிக்கொள்வதாகச் சொல்கிறான் என்றேன்.

"லேட்டா வர்ற லாபத்த அவங்க வாங்கிப்பாங்க. லேட்டா வர்ற நஷ்டத்த வாங்க மாட்டாங்க. இத அப்படியே போய் சொல்லு."

அலுவலகத்துக்கும் சலவைக்கூடத்துக்கும் நடுவில் இரண்டு தெருக்கள். பேட்டரிக் கடை, பேருந்து நிறுத்தம், சாயம் போன விளம்பரப் பலகை. நடந்துகொண்டே சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். கூடத்தின் பின்கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அடித்தது. எட்டுக் கிலோ மெஷின்கள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றின் பின்னால் புதியவை இரண்டும் அலமாரி உயரத்துக்கு நின்றன. ஒன்று ஒரு விடுதியின் துண்டுகளோடு ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்று சும்மா இருந்தது.

அண்ணன் குழல்விளக்கின் அடியில் ஒரு விரிப்பைத் தூக்கிப் பிடித்துக் கறை தேடிக்கொண்டிருந்தான். வேலையாட்கள் அவனுக்கு வைத்த பெயர் நீராவி. அவன் காதில் விழாமல் சொல்வார்கள். அவனுக்குத் தெரியும்.

அண்ணி சொன்னதை அப்படியே சொன்னேன். அவன் விரிப்பைத் திருப்பிப் பிடித்தான். அவள் பேச்சு எப்போதுமே கல்லில் வெட்டின மாதிரிதான் இருக்கும் என்றான். மெஷினை விற்க வேண்டி வரும் என்றேன். அவன் சும்மா நின்ற மெஷினைப் பார்த்தான். நேரமாகிறது, வந்து படித்துவிட்டுப் போ என்றேன். வேலை இருக்கிறது என்றான். தொலைபேசியிலாவது படி என்றேன்.

"என்னத்தப் படிக்க? உன் ஆடிட்டர் வேணாம்னு சொன்னாங்க, வாங்கினேன், போச்சு. இத அவங்க காதுல ஓதணுமா?"

அவன் விரிப்பை மடித்தான். மூலைக்கு மூலை சேர்த்து, மடிப்பைக் கையால் அழுத்தி, மேலே இன்னொரு மடிப்பு. அவன் மடித்த விரிப்பு கடையில் வாங்கியதுபோல இருக்கும். கோபத்திலும் அப்படித்தான் மடிப்பான். மடித்து வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்து என் கையில் கொடுத்தான். தாக்கல் செய்ய ரகசிய எண் அதில்தான் வரும். திறக்கும் வழி உனக்குத் தெரியும், நீயே போட்டு அனுப்பிவிடு என்றான்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். பேருந்து நிறுத்தம் வரை கிட்டத்தட்ட ஓடினேன்.

அலுவலகத்தில் இரண்டு பேர் மீதி இருந்தார்கள். இருவரும் படித்து முடித்தவர்கள். பேங்க் அக்கா அவர்களுடையதை அனுப்பிக்கொண்டிருந்தாள். தொலைபேசியை அண்ணியின் மேசையில் வைத்தேன்.

"படிச்சாரா?"

"படிச்சாரு அண்ணி."

"எங்க நிறுத்தினாரு?"

"எங்கயும் நிறுத்தல. முழுசா படிச்சாரு."

"எங்க சண்டை போட்டாரு?"

"சண்டை ஒண்ணும் போடல."

"அப்ப படிக்கல."

பேங்க் அக்கா கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தாள். எனக்கு முகம் சூடானது. ஒரு நிமிட வேலை அண்ணி, எண் வந்துவிடும், போட்டுவிட்டால் முடிந்தது என்றேன். மெஷினைப் பற்றிச் சொன்னேன். ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னேன். அவளுக்குத் தெரியாத ஒன்றையும் நான் சொல்லவில்லை. கடைசியில் குரல் உயர்ந்துவிட்டது. ஊருக்கெல்லாம் வைத்த சட்டத்தை ஒரே ஒருத்தருக்காக ஒரு நாள் தளர்த்தினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன்.

அவள் பேனாவை மூடினாள். யாராக இருந்தாலும் தவறான இடத்தில் குரல் இறங்கும்போதோ ஏறும்போதோ அவள் பேனாவை மூடுவாள்.

"அவர என் முன்னாடி தலகுனிய வைக்கப் பாக்கறேன்னு நினைக்கறியா?"

இல்லை என்று சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அவள் அந்த நேரத்தைக் கவனித்தாள்.

"நினைச்சா நினைச்சுக்கோ. அவர் பேர்ல ஒரு கணக்கு போகுதுன்னா, அதுல என்ன இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். நல்ல வருஷத்துக்கு மட்டும் வச்ச சட்டமா இது?"

அவள் எழுந்தாள். மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தாள். நீல அட்டையை எடுத்துக்கொண்டு, அண்ணனின் தொலைபேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். மீதி இரண்டு பேரிடமும் போய், ஒப்புகைச் சீட்டு கையில் வாங்காமல் போகாதீர்கள் என்று சொன்னாள். பேங்க் அக்காவிடம் ஒரு சின்னத் திருத்தம் சொன்னாள். அவசரம் காட்டவில்லை. செருப்பை மாட்டிய பிறகுதான் அவள் எங்கே போகிறாள் என்று எனக்கு உறைத்தது.

பிரிந்த பிறகு அவள் சலவைக்கூடத்தின் தெருவுக்கே வந்ததில்லை. பேருந்துக்குக்கூட அடுத்த நிறுத்தத்தில் போய் ஏறுவாள். இப்போது எனக்கு முன்னால் நடந்தாள். பேட்டரிக் கடைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். அவரும் அவளிடம் படிப்பவர்தான்.

நாங்கள் பின்கதவு வழியாக நுழைந்தோம். முதலில் பார்த்தவர் இஸ்திரிக்காரர். கூடம் தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர். நீராவிப் பெட்டியைத் தாங்கியில் வைத்துவிட்டு நேராக நின்றார். பிறகு, மரியாதையாக, மெயின் ஸ்விட்சைப் பார்த்துக் கையை நீட்டினார். முன்பெல்லாம் அவள் வந்தால் அப்படித்தான் செய்வார். சத்தம் அவளுக்குத் தலைவலி.

அண்ணி கையைக் காட்டி வேண்டாம் என்றாள்.

"ஓடட்டும்ணே. எதையும் நிறுத்தாதீங்க."

அண்ணன் மடிப்பு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தான். அவளைப் பார்த்ததும் கையிலிருந்த துண்டை மடிக்காமல் வைத்தான். பிறகு எடுத்து மடித்தான். அவள் மேசையின் இந்தப் பக்கம் நின்று துண்டுகளை ஒதுக்கி மடிக்கணினியை வைத்தாள். நீல அட்டையிலிருந்து ஒரு பிரதியை எடுத்து அவன் முன் வைத்தாள். இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டாள்.

"படிக்கணும்" என்றாள்.

"பாத்தா போதாதா?"

"போதாது."

அவன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். எல்லாரும் அதிகப்படியான கவனத்தோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவன் முன்பக்கம் குனிந்து, ஏதோ பொருளைத் தேடுகிறவன்போல, மெதுவாகச் சொன்னான்.

"எல்லாருக்கும் கேக்கும்."

"கேக்காது. அதுக்குத்தான் மெஷின நிறுத்த வேணாம்னேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். நானும் பார்த்தேன். வழியெல்லாம் நான் வேறு எதையோ யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அவள் இதை யோசித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

அவன் காகிதத்தை எடுத்தான். படிக்க ஆரம்பித்தான்.

நான் மேசையின் கோடியில் நின்றேன். அவன் உதடுகள் அசைவது தெரிந்தது. ஒரு சொல்லும் எனக்கு எட்டவில்லை. அண்ணி காதை அவன் பக்கம் சாய்த்திருந்தாள். அவன் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. தன் பிரதியில் வரிக்கு வரி பென்சிலை நகர்த்தினாள். அவன் வேகமாகப் போனால் பென்சில் நின்றது. அவன் திரும்பி வந்தான். பென்சில் நகர்ந்தது. முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கம் முடிந்தது. இணையதளம் மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன்.

மூன்றாம் பக்கத்தில் அவன் நின்றான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. திறந்தபோது அவன் காகிதத்தில் விரலை வைத்து அவளிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைக் கைகாட்டி அழைத்தாள்.

அவன் கேட்டது இதுதான். இரண்டு மெஷின்களும் ஒரே நாளில் ஓட ஆரம்பித்ததாகப் போட்டிருக்கிறது. யார் சொன்னது?

நான்தான் சொன்னேன். பில்லில் இருந்த தேதியைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். இரண்டும் ஒரே பில்.

"பில்லு ஒண்ணுதான். ரெண்டாவத ஓட்ட லைன் எங்க இருந்துச்சு? கரண்டு ஆபீசுல இருந்து வந்து போடறவரைக்கும் தார்ப்பாய் போட்டு மூடித்தானே கிடந்துச்சு. தினமும் சாயங்காலம் நான்தான் மூடினேன்."

அவன் சொன்னது சரி. அண்ணிக்கு அது தெரிய வழியில்லை. காகிதத்தில் இருந்ததைத்தான் அவள் பார்த்தாள். காகிதத்தில் நான் எழுதியதுதான் இருந்தது. எங்களைப்போலத் தொழில் செய்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தவறு, சரக்கு வந்த நாளையே வேலை தொடங்கிய நாளாக எழுதிவிடுவது. ஓடாத மெஷினுக்குத் தேய்மானச் செலவு போட்டு நஷ்டத்தைக் கூட்டியிருந்தோம். பிறகு யாராவது வந்து மின் இணைப்பு எப்போது கொடுத்தார்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

அண்ணி கேட்டாள்.

"தேதிய மாத்தினா நஷ்டம் குறையும். அடுத்த வருஷம் கழிச்சுக்க கிடைக்கறதும் குறையும். மாத்தணுமா?"

"ஓடாதத ஓடுச்சுன்னு எப்படி எழுத?"

சோப்புத்தூளுக்குச் சண்டை போட்ட அதே குரல். அவள் தலையை ஆட்டினாள். அவள் முகத்தில் அப்போது வந்ததை நான் பல வருடமாகப் பார்க்கவில்லை. மின் இணைப்புக் கடிதம் எங்கே என்று கேட்டாள். அவன் அலுவலக மேசையின் எந்த இழுப்பறையில் என்று சொன்னான். நான் ஓடினேன். நான் திரும்பி வருவதற்குள் மடிக்கணினியைத் திறந்து இரண்டாவது மெஷினின் வரியைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தாள். நின்றுகொண்டே, ஒரு துண்டுக் குவியலின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, தேதியை மாற்றினாள். கீழே இருந்த தொகைகள் ஒவ்வொன்றாக மாறின. ஒவ்வொன்றையும் கையால் ஒருமுறை கூட்டிச் சரிபார்த்தாள். என் தவறைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதும் சரி, பிறகும் சரி.

திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

"மூணாம் பக்கத்துல இருந்து."

இன்னொருமுறை படிக்க அவன் முனகுவான் என்று நினைத்தேன். அவன் துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரைக்குக் குனிந்தான். வட்டி. தேய்மானம். மின்கட்டணம். இப்போது பக்கத்தில் நின்றதால் எனக்கும் பாதிக்குப் பாதி கேட்டது. கடைசி வரிக்கு அவன் வந்தபோது ஓடிக்கொண்டிருந்த பெரிய மெஷின் தன் சுற்றை முடித்துக்கொண்டது. உள்ளே துண்டுகள் இரண்டு முறை புரண்டு விழுந்தன. அந்தப் பெரிய இரைச்சல் போனதும் கூடம் முழுக்கக் காலியானதுபோல் இருந்தது. சின்ன மெஷின்களின் சத்தம் ஒரு சத்தமாகவே தெரியவில்லை.

இஸ்திரிக்காரர் பார்த்துவிட்டார். எல்லாருக்கும் முன்னால் அந்த மெஷினிடம் ஓடினார். காலியாகவாவது ஓட்டிவிட வேண்டும் என்று விசையில் கையை வைத்தார். அண்ணியும் மடிக்கணினியிலிருந்து கையை எடுத்து அவனைப் பார்த்தாள். காத்திரு என்பதுபோல இருந்தது.

அண்ணன் இஸ்திரிக்காரரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தான். நிமிர்ந்து நின்றான். நஷ்டத்தின் தொகையைப் படித்தான். லாப வருடங்களில் படிப்பானே, அந்தக் குரலில், கூடத்தின் முன்கதவு வரைக்கும் கேட்கும்படி, கடைசி இலக்கம் வரை படித்தான்.

யாரும் திரும்பவில்லை. மூலையில் தலையணை உறை மடித்துக்கொண்டிருந்த பெண் மடித்துக்கொண்டே இருந்தாள். இஸ்திரிக்காரர் விசையிலிருந்து கையை எடுத்து, மெஷின் கதவைத் திறந்து, ஈரத் துண்டுகளைத் தள்ளுவண்டியில் இழுத்துப் போட ஆரம்பித்தார்.

"இன்னும் ஒரு வரி இருக்கு" என்றாள் அண்ணி.

அது அடுத்த வருடங்களுக்கு எடுத்துச் செல்லும் நஷ்டம் என்ற வரி. அதே தொகைதான். அவன் அதையும் படித்தான்.

நான் தொலைபேசியை அவனிடம் கொடுத்தேன். எண் வந்தது. அவனே பார்த்து, அவனே அழுத்தினான். திரையில் சக்கரம் சுற்றியது. கடைசி மணி நேரத்தில் நாட்டிலுள்ள எல்லாத் தொழில்களும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டிருக்கும் என்று பேங்க் அக்கா சொல்வாள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மறுபடி அழுத்தட்டுமா என்று நான் கேட்டேன். தொடாதே என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பிறகு பச்சை நிறத்தில் ஒரு பக்கம் திறந்தது. ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று அதில் இருந்தது.

அண்ணி ஒப்புகைச் சீட்டை இறக்கி எங்கள் இருவருக்கும் அனுப்பினாள். அது எங்கள் தொலைபேசிகளில் வந்து சேர்ந்ததா என்று கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிரதிகளை அடுக்கி நீல அட்டையில் வைத்தாள். மின் இணைப்புக் கடிதத்தின் நகல் தனக்கு வேண்டும் என்றாள். கட்டணத்துக்கு ரசீது நாளைக்கு வரும் என்று என்னிடம் சொன்னாள். நேரில் வந்து செய்ததற்குக் கூடுதலா என்று கேட்டேன். உன் பார்ட்னரைக் கேட்டுச் சொல் என்றாள். அண்ணன் துண்டுகளைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினான்.

யாரோ தேநீர் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். அவள் நின்றபடியே ஒரு வாய் குடித்தாள். சும்மா இருந்த மெஷினை அப்போதுதான் நன்றாகப் பார்த்தாள். பக்கத்தில் போய் அதன் கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். இதில் எத்தனை விரிப்பு போடலாம் என்று இஸ்திரிக்காரரைக் கேட்டாள். அவர் பெருமையாகச் சொன்னார். நன்றாகத்தான் இருக்கிறது என்றாள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்கதவை நோக்கி நடந்தாள். நானும் கூட நடந்தேன். கதவை நான் பாதி திறந்திருப்பேன். அண்ணன் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தான். அவன் கையில் ஆஸ்பத்திரியின் முத்திரை போட்ட உறை ஒன்று இருந்தது. ஓரம் கிழிக்கப்பட்டு, காகிதங்கள் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சட்டைப் பையில் பேனா திறந்தபடி இருந்தது.

"ஒப்பந்தம் காலைலயே வந்துருச்சு. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி உனக்கு ஒரு தரம் படிச்சுக் காட்டட்டுமா?"